அலமாரிக்குள் மீட்டர் 0.40 காட்டினால்

மார்த்தாண்டம் வீட்டில் புது அலமாரிக்குள் ஃபார்மால்டிஹைடு (பலகைப் பசையிலிருந்து வரும் வாயு) மீட்டரை வைத்து நீங்கள் எடுத்த 0.40, நீங்கள் மூச்சு விடும் காற்றின் அளவு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு கன மீட்டருக்கு 0.1 மில்லிகிராம், அரை மணி நேரச் சராசரி; அது அறைக் காற்றுக்கு.

பலகை ஈ1 (இந்த வாயுவைக் குறைவாக விடும் பலகைக்கான ஐரோப்பியத் தரம்) தானே, அப்புறம் ஏன் இவ்வளவு என்கிறீர்கள். அந்தத் தரத்துக்கான சோதனை, மூடிய சோதனைக் கூண்டுக்குள் 23 டிகிரியில், 45 சதவீத ஈரப்பதத்தில் நடக்கிறது. நம்ம ஊர் ஆனி ஆடிச் சாரலில் அதற்கு எங்கே போவது? வெப்பமும் ஈரமும் ஏற ஏற பலகையில் உள்ள யூரியா பசை ஃபார்மால்டிஹைடைக் கூடுதலாக விடும். மூடாத வெட்டு விளிம்புகளில்தான் அது அதிகம் கசியும்; கீல் குழி, ஒயருக்கு அறுத்த ஓட்டை, சுவரைப் பார்த்த விளிம்பு, எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் வீட்டு ஆசாரி முன்பக்கம் மட்டும் விளிம்புப் பட்டை ஒட்டிவிட்டுப் பின்பக்கத்தை அப்படியே விட்டிருந்தார்.

ராத்திரி சன்னல்களைச் சாத்துங்கள். காலையில் அலமாரியைத் திறக்காமல், அறை நடுவில், உட்கார்ந்தால் மூக்கு வரும் உயரத்தில் மீட்டரை அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

ஒன்று, இந்த மலிவு மீட்டர்கள் ஆல்கஹாலுக்கும் துள்ளும். வார்னிஷ், சானிடைசர், ஏன், அளவுக்கு மீறிக் கனிந்த மட்டிப்பழக் குலைகூட போதும். அதையெல்லாம் அகற்றியும் எண் இறங்கவில்லை என்றால், டிஎன்பிஎச் (ஃபார்மால்டிஹைடைப் பிடித்துவைக்கும் வேதிப்பொருள்) குழாயில் காற்றை இழுத்துச் சோதிக்கும் ஆய்வகத்திடம் கொடுங்கள்.