பனிக்கு முன்னே வெளிக் குழாயும் ஹோஸும்: கேள்வி பதில்

ரொறன்ரோ, மார்க்கம் பக்கம் குழாய் வேலை செய்கிறேன். ஒக்டோபர் வந்ததும் பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, முதல் வீடு வாங்கியிருக்கிறோம். பனிக்கு முன்னே பேஸ்மென்டில் வெளிக் குழாய்க்குப் போகும் வால்வைப் பூட்டினால் போதும்தானே?

போதாது தங்கச்சி. பூட்டினால் புதுத் தண்ணீர் வராது, ஆனால் ஏற்கெனவே பைப்புக்குள் நிற்பது அங்கேயேதான் நிற்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும், செப்பு பைப் அதைத் தாங்காமல் வெடிக்கும். முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே வால்வைப் பூட்டிவிட்டு வெளிக் குழாயைத் திறந்து வையுங்கள். அப்புறம் அந்த வால்வை உற்றுப் பாருங்கள், பெரும்பாலும் பக்கவாட்டில் விரல்நுனி அளவு சின்ன மூடி ஒன்று இருக்கும், கீழே வாளியைப் பிடித்துக்கொண்டு அதைத் திருகினால் மிச்சத் தண்ணீர் வடியும். வடிந்ததும் மூடியை இறுக்குங்கள். வெளிக் குழாய் பனிக்காலம் முழுக்கத் திறந்தே இருக்கட்டும்.

கேள்வி: எங்களுடையது உறையாத வகைக் குழாய். ஒன்றும் செய்யத் தேவையில்லையே?

ஹோஸைக் கட்டாயம் கழற்ற வேண்டும். இந்தக் குழாயில் கைப்பிடி வெளியே இருந்தாலும் தண்ணீரை அடைக்கிற இடம் சுவருக்குள்ளே, ஓர் அடி தள்ளி, வீட்டுச் சூட்டில் இருக்கிறது. பூட்டியதும் முன்பக்கத்துத் தண்ணீர் தானாக வெளியே வழிந்துவிடும். ஹோஸ் மாட்டியிருந்தால் வழிய முடியாமல் உறைந்து, சுவருக்குள்ளேயே பைப் பிளந்துவிடும். குழாய் பூட்டியிருப்பதால் பனிக்காலத்தில் ஒரு சொட்டும் ஒழுகாது. மே மாதம் பூக்கண்டுக்குத் தண்ணீர் விடத் திறக்கும்போதுதான் பேஸ்மென்ட் நனையும். அதனால் வசந்தத்தில் முதல் தடவை திறக்கும்போது குழாய் வாயைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். தண்ணீர் விரலைத் தள்ளிக்கொண்டு பீறினால் நல்லது, விரலுக்கே சுலபமாக அடங்கினால் உள்ளே வேறு எங்கோ போகிறது, உடனே பூட்டுங்கள்.

கேள்வி: ஹோஸ் இறுகிப் போய்க் கழற்றவே முடியவில்லை.

பித்தளைக் குழாயில் அலுமினிய முனையுள்ள ஹோஸை மாட்டினால் அரித்து ஒட்டிக்கொள்ளும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஓர் இரவு விடுங்கள். திருகும்போது இரண்டு ஸ்பானர் வேண்டும், ஒன்று குழாயை அசையாமல் பிடிக்க. இல்லையென்றால் சுவருக்குள் இருக்கும் பைப்பே முறுகிவிடும். வராவிட்டால் ஹோஸை வெட்டி எறியுங்கள், ஹோஸ் போனால் போகட்டும்.

கேள்வி: டாலஸில் இருக்கிறோம். உள்ளே தனி வால்வே இல்லை. வெளிக் குழாய்க்கு மேல் மாட்டுகிற நுரை மூடி போதுமா?

ஓரிரு இரவுக் குளிருக்குச் சரி. ஆனால் 2021 பெப்ரவரியில் டெக்சஸில் பார்த்தீர்கள்தானே, நாள்கணக்கில் உறைநிலைக்குக் கீழே, கரண்டும் இல்லை, எத்தனை வீடுகளில் பைப் வெடித்தது. மூடி குளிரைத் தாமதப்படுத்தும், தடுக்காது. வீட்டுக்கு வரும் முழுத் தண்ணீரையும் எங்கே பூட்டுவது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள், பல வீடுகளில் தெருவோர மீட்டர் பெட்டிக்குள் இருக்கும்.

கேள்வி: கழற்றிய ஹோஸை வெளியே விடலாமா?

ஒரு முனையைத் தோளுக்கு மேல் உயர்த்திப் பிடித்து, மறுமுனை வரை நடந்துகொண்டே வடித்துவிட்டு, சுருட்டிக் கராஜில் வையுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே உறைந்துவிட்டது, என்ன செய்வது?

நெருப்பு காட்டவே வேண்டாம், சுவருக்குள் மரம் இருக்கிறது. வெளிக் குழாயைத் திறந்துவிட்டு, தலை காயவைக்கிற டிரையரால் வாயிலிருந்து சுவர்ப்பக்கமாக மெல்லச் சூடாக்குங்கள். அதற்கு முன் ஒருவரைப் பேஸ்மென்டில் வால்வுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். பனி இளகும்போதுதான் வெடிப்பு வெளியே தெரியும்.