எட்டு மாதப் பிள்ளையை நீச்சல் குளத்தில் இறக்கும்முன் தேங்காய் எண்ணெய் போதுமா?

நாகர்கோவில் வெயிலுக்கா? போதாது. ஆச்சி காய்ச்சும் உருக்கெண்ணெய் மேல் எனக்கும் பிரியம்தான். ஆனால் அது வெயிலைத் தடுக்காது. காலை 10 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பிறகோ போங்கள். முழுக்கை நீச்சல் உடுப்பு, தொப்பி, மூடாத இடங்களில் துத்தநாக ஆக்சைடு கலந்த எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன். (ஆறு மாதம் ஆகாத பிள்ளை என்றால் நிழல்தான்.)

தோலை வறட்டுவது குளோரின். கரையேறியதும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். கழுத்து மடிப்பையும் தொடையிடுக்கையும் விரலால் விலக்கிக் கழுவ வேண்டும்; குளத்துத் தண்ணீர் தங்குவது அங்கேதான். பழைய, மெத்தென்ற துவர்த்தால் (துண்டால்) ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரப்பதம் இருக்கும்போதே வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவிவிடுங்கள். ஏற்கெனவே கரப்பான் (எக்ஸிமா எனும் தோல் அரிப்பு நோய்) உள்ள பிள்ளையானால் முதலில் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.