தம் கட்டி 75 மீட்டர் நீந்த என்ன வழி?

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் வசிக்கிறேன், வயது 34. நீச்சல் நன்றாக வரும். சில மாதங்களாக காலில் நீண்ட ஃபின் (துடுப்பு) மாட்டிக்கொண்டு, மூச்சடக்கி நீருக்கடியில் நீந்துகிறேன். 45 மீட்டர் வருகிறது. கிளம்பும் முன் வேகவேகமாக இருபது முறை மூச்சு விட்டால் 50ஐத் தாண்டுகிறேன். வேலை முடிந்து இரவில் தனியாகத்தான் பழகுகிறேன். போட்டியில் கலந்துகொள்ள ஆசை. 75ஐ எப்படி எட்டுவது?

பதில்: 75 உங்களுக்கு எட்டாத தூரம் இல்லை. ஆனால் அந்த வேக மூச்சையும் தனியாகப் பழகுவதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். இது கெஞ்சிக் கேட்டுக்கொள்வது.

மூச்சுக்குத் தவிப்பது பெரும்பாலும் பிராணவாயு குறைவதால் அல்ல, கரியமில வாயு கூடுவதால். வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். பிராணவாயுவோ அதிகரிப்பதில்லை, நலமாக இருப்பவரின் ரத்தத்தில் அது ஏற்கெனவே கிட்டத்தட்ட முழுதாக நிறைந்துதான் இருக்கிறது. ஆக, உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த அந்தச் சில மீட்டர், அபாய மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு வாங்கியது. தவிப்பு வரும் முன்பே நினைவு போய்விடலாம். வலி இருக்காது. சுகமாகக்கூட இருக்கும், அதுதான் பயங்கரம். இடுப்பளவுத் தண்ணீரிலும் இப்படி உயிர் போயிருக்கிறது. நீருக்கடியில் அசையாமல் கிடப்பவர் பயிற்சி செய்கிறாரா, மயங்கிவிட்டாரா என்று மேலே இருக்கும் உயிர்காப்பாளருக்கும் சட்டென்று தெரியாது.

துணை என்றால் கரையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பவர் அல்ல. நீர்மட்டத்தில் கூடவே நீந்தி, கை எட்டும் தூரத்தில் வருபவர். நீங்கள் தலை தூக்கிய பிறகும் அரை நிமிடம் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மயக்கம் பல முறை மேலே வந்த பிறகுதான் வருகிறது. மயங்கினால் வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்து, கண்ணாடியைக் கழற்றி, முகத்தில் ஊதி, கன்னத்தில் தட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெரும்பாலும் சில வினாடிகளில் நினைவு திரும்பும். திரும்பாவிட்டால் செயற்கை மூச்சு கொடுத்து, ஆம்புலன்சுக்கு 995ஐ அழைக்க வேண்டும். இதையெல்லாம் கட்டுரை படித்துக் கற்க முடியாது. சிங்கப்பூரில் ஃப்ரீடைவிங் (மூச்சடக்கி மூழ்குதல்) வகுப்புகள் நடக்கின்றன, சேருங்கள். துணையும் அங்கேயே கிடைத்துவிடும். பொதுக் குளத்தில் ஃபின்னுக்கும் மூச்சடக்கலுக்கும் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தூரத்துக்கு வருவோம். உங்கள் 45, ஐடா (AIDA) என்ற சர்வதேச ஃப்ரீடைவிங் அமைப்பின் இரண்டாம் நிலைத் தேர்வு கேட்கும் 40ஐத் தாண்டிவிட்டது. மூன்றாம் நிலைக்கு 55, நான்காம் நிலைக்கு 70. உச்சத்தில் இருப்பவர்கள் வேறு உலகம்: 2016இல் ஃபின்லாந்தின் துர்க்குவில் மத்தேயுஷ் மலினாவும் கியோர்கோஸ் பனகியோதாகிஸும் மோனோஃபின்னோடு (இரண்டு காலுக்கும் சேர்த்து ஒரே ஃபின்) 300 மீட்டர் போனார்கள்.

உங்கள் நிலையில் நுரையீரலைவிட நீந்தும் விதம்தான் அதிகம் தடுக்கும். அவசரப்படாதீர்கள். வேகம் இரட்டிப்பானால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும். வினாடிக்கு ஒரு மீட்டரை ஒட்டிய வேகம் ஆரம்பத்துக்குப் போதும். முழங்காலை மடக்கிச் சைக்கிள் மிதிக்காமல் இடுப்பிலிருந்து உதையுங்கள். எதிர்ச்சுவரைப் பார்க்க ஆசையாக இருக்கும்; தலை நிமிர்ந்தால் கால் தாழும். பார்வை அடித்தளக் கோட்டின் மேலேயே இருக்கட்டும். நெஞ்சிலிருக்கும் காற்று மேலே இழுக்கிறதா? கழுத்தில் எடை போடுங்கள். பலர் பழைய சைக்கிள் டியூபில் ஈயக் குண்டு நிரப்பித் தாங்களே செய்துகொள்கிறார்கள். ஒரே இழுப்பில் கழன்று வர வேண்டும், அது முக்கியம்.

உச்ச தூரத்தை வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் முயல வேண்டாம். மற்ற நாட்களில் மூச்சடக்கி 25 மீட்டர், எட்டு முறை. முதல் இடைவெளி ஒரு நிமிடம், அப்புறம் ஒவ்வொரு முறையும் ஐந்து வினாடி குறையுங்கள். மூச்சுக்குத் தவித்து வயிறு துள்ளத் தொடங்கும். அந்தத் துள்ளலோடு தோளைத் தளர்த்தி நீந்தப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியின் முழு நோக்கம்.

போட்டியில் தூரம் போனால் மட்டும் போதாது. ஐடா விதிப்படி, மேலே வந்த 15 வினாடிக்குள் முகத்தில் இருப்பதை எல்லாம் கழற்றி, கையால் ஓகே காட்டி, "ஐ ஆம் ஓகே" என்று சொல்ல வேண்டும், இதே வரிசையில். வரிசை தப்பினால், முயற்சி செல்லும் என்று நடுவர் காட்டும் வெள்ளை அட்டை கிடையாது. மேலே வந்ததும் இருக்கிற காற்றை எல்லாம் ஊதித் தள்ளாதீர்கள். கொஞ்சம் மட்டும் விட்டு, சட்டென்று உள்ளே இழுத்து, ஒரு வினாடி நிறுத்தி, மறுபடி. சுவரைப் பிடித்தபடி மூன்று நான்கு முறை இப்படி மூச்செடுத்த பிறகு கண்ணாடியில் கை வையுங்கள். 25 மீட்டர் பயிற்சியானாலும் ஒவ்வொன்றையும் இப்படியே முடியுங்கள்.