பழைய செங்கல் புகைபோக்கியை அகற்ற எவ்வளவு செலவாகும்? எப்படிச் செய்வார்கள்? நாமே செய்யலாமா?

வீட்டை நேரில் பார்க்காத ஒப்பந்தக்காரர் ஒருவர் தொலைபேசியிலேயே ஒரு தொகை சொன்னார், அது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்காமல் சொன்னது தொகையே அல்ல. அவரை முதலில் விட்டுவிடுங்கள்.

உங்களுடையது கீழே கணப்பு (சுவரோடு கட்டிய, நெருப்பு மூட்டிக் குளிர்காயும் அடுப்பு), மேலே ஒரு மாடி, அதற்கு மேல் சாய்வுக் கூரை என்று அமைந்த பழைய வீடு என வைத்துக்கொண்டு எழுதுகிறேன். சமையல் அடுப்புக்கு மேல் மாட்டும் மின்சார சிம்னியைக் கழற்றுவது பற்றிய கேள்வி என்றால், மின்பணியாளர் ஒருவர் போதும். மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை.

நான் பொறியாளர் அல்ல. எங்கள் வீட்டுப் புகைபோக்கியை அகற்றியபோது கூடவே நின்றவள், பணம் கொடுத்தவள், அவ்வளவுதான். "கரண்டி பிடித்துக் கல் வைக்கத் தெரியாதவர்கள் எல்லாம் பாடம் நடத்துகிறார்கள்" என்று எழுத நினைப்பவர்கள் தாராளமாக எழுதலாம். முழுவதும் படித்துவிட்டு எழுதினால் நல்லது.

நாங்கள் வாங்கிய வீட்டின் கூடத்தில் கணப்பு சுவரைவிட்டு ஒரு முழம் புடைத்து நின்றது. நல்ல இடத்தையெல்லாம் அதுவே பிடித்துக்கொண்டது. கூரைக்கு மேலே செங்கல் தூண்; மழை பெய்தால் அதன் அடியைச் சுற்றித்தான் ஒழுகும். யாரும் நெருப்பு மூட்டுவதில்லை, எதற்கு இந்தப் பாரம் என்று எடுத்துவிட முடிவு செய்தோம். முதலில் வந்த ஒப்பந்தக்காரர் கணப்பைக் கையால் தட்டிப் பார்த்தார். "கீழே இருப்பதை உடைத்து எடுத்துவிடலாம். மேலே இருப்பது அது பாட்டுக்கு இருக்கட்டும், சுவரோடு பிடித்துக்கொண்டு நிற்கும்" என்றார். மாடிக்குக்கூட ஏறிப் பார்க்கவில்லை.

எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. கீழே கணப்பு இருக்கிறது, கூரையில் தூண் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் உள்ள மாடி அறையில் மட்டும் அந்தச் சுவர் தட்டையாக இருக்கிறது. நடுவில் இருந்தது எங்கே போயிற்று? மேலே இருக்கும் தூண் எதன்மேல் நிற்கிறது? கேட்டேன்.

"இதெல்லாம் உங்களுக்கு எதற்கு அம்மா? சார் எப்போது வருவார்?"

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. வீட்டுக் கடனில் என் பெயர்தான் முதலில் இருக்கிறது. குழாய் வேலைக்கு வருபவர், சன்னலுக்கு அளவெடுக்க வருபவர், யாராக இருந்தாலும் கேள்வி கேட்பது நான், பதில் போவது என் கணவருக்கு. அவருக்கோ ஆணி அடிப்பதென்றாலே தயக்கம். பாவம், தலையை ஆட்டிக்கொண்டு நிற்பார். சமையலறை அலமாரிக்கு நான் கொடுத்த அளவை "சாரிடம் ஒரு வார்த்தை கேட்டு" மாற்றிச் செய்தார் ஒரு தச்சர். அதன் கதவு இன்றும் குழாயில் இடிக்கிறது. போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த ஒப்பந்தக்காரரை அனுப்பிவிட்டுக் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்தேன். "ஒரு கணப்பை இடிக்கப் பொறியாளரா? அவருக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி வேலையே முடிந்துவிடுமே" என்றார் என் கணவரின் அண்ணன். பொறியாளர் கணப்பைப் பார்க்கவே இல்லை. ஏணி கேட்டார், டார்ச் விளக்குடன் கூரைப்பரணுக்குள் ஏறினார், கொஞ்ச நேரத்தில் என்னையும் மேலே வரச் சொன்னார். எங்களுக்கு முன் அங்கே வாழ்ந்த யாரோ, மாடி அறையை அகலமாக்குவதற்காக நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். மேலே மிஞ்சிய செங்கல் தூண் முழுவதும் இரண்டு மரப்பலகைகள்மேல் உட்கார்ந்திருந்தது. அந்தப் பலகைகள் அறையின் உட்கூரையைத் தாங்கும் மெல்லிய சட்டங்களின்மேல் கிடந்தன. இரண்டும் நடுவில் தொய்ந்திருந்தன. அடி வரிசைச் செங்கற்களுக்கு இடையில் இருந்த காரையை அவர் விரலால் தொட்டார், மாவாக உதிர்ந்தது. அதற்கு நேர் கீழேதான் எங்கள் மகளின் கட்டில்.

எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செங்கல் கட்டுமானம் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 1,900 கிலோ இருக்கும். 60 சென்டிமீட்டர் சதுரத்தில் 2 மீட்டர் உயரமுள்ள தூண் என்றால், நடுவிலுள்ள புகைவழியைக் கழித்தாலும் ஒரு டன்னைத் தாண்டும். "சுவரோடு பிடித்துக்கொண்டு நிற்கும்" என்று அந்த மனிதர் சொன்னது இதைத்தான்.

ஆகவே, உங்கள் கேள்வியில் செலவு என்று இருக்கும் இடத்தில் நான் கேட்பது வேறு: எதை எடுக்கப்போகிறீர்கள், எதை விட்டுவைக்கப்போகிறீர்கள்? முழுவதையும் உச்சியிலிருந்து அடிவரை எடுத்தால் தாங்குவதற்கு எதுவும் மிஞ்சாது. செலவு கூலியிலும் பூச்சிலும் போகும். கீழே மட்டும் எடுத்து மேலே விட்டால், மேலே இருப்பதைத் தாங்க இரும்பு உத்தரமோ சுவரில் பொருத்தும் தாங்கிகளோ வேண்டும், அதற்கு முன் தற்காலிக முட்டுக் கொடுக்க வேண்டும், இரண்டுக்கும் பொறியாளரின் கணக்கு வேண்டும். கூரைக்கு மேலே உள்ளதை மட்டும் எடுப்பது இவற்றில் எளியது. ஆனால் சாரம் கட்டும் செலவு பத்து வரிசைச் செங்கலை எடுத்தாலும் முழுத் தூணை எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். கூரையில் வேறு வேலை ஏதாவது பாக்கி இருந்தால் அதே சாரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் மொத்தச் செலவில் இடிப்புக் கூலி கால்வாசிகூட இல்லை. சாரம், இடிபாடுகளை ஏற்றிப்போன வண்டி, கூரையை மூடியது, பூச்சு என்று மற்றவைதான் பணத்தை விழுங்கின. விலை கேட்கும்போது இந்த நான்கையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

கை வைப்பதற்கு முன்பே, அந்தப் புகைவழியில் ஏதாவது இணைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். எரிவாயுவில் ஓடும் நீர்சூடேற்றியோ கொதிகலனோ அதன் வழியாகப் புகை விட்டுக்கொண்டிருக்கலாம். பக்கத்து வீட்டுடன் பொதுச்சுவர் என்றால், ஒரே தூணுக்குள் அவர்களுடைய புகைவழியும் போகலாம். அதை அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பொதுச்சுவரில் கை வைக்க அண்டை வீட்டாரின் சம்மதமும், உள்ளாட்சி அனுமதியும் தேவையா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பாரம்பரியக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்ட வீடு என்றால் அனுமதி இல்லாமல் ஒரு செங்கலைக்கூட அசைக்காதீர்கள்.

வேலை எப்போதும் மேலிருந்து கீழே. எங்கள் வீட்டில் முதலில் அந்தப் பலகைகளுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்கள், அதன் பிறகுதான் சாரம். உளி வைத்து ஒவ்வொரு வரிசையாகப் பெயர்த்து, வாளியில் கட்டி இறக்கினார்கள். உடைத்ததைப் புகைவழிக்குள்ளேயே போட்டுவிடலாம் என்று ஓர் இளைஞர் யோசனை சொன்னார். மேஸ்திரி அவரைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. உள்ளே விழும் கல் பக்கச் சுவரை உடைக்கும், வழியில் சிக்கி அடைத்துக்கொள்ளும், அடியில் நிற்பவர் தலையிலும் விழும். உச்சியில் பறவைக் கூடு இருந்தால் குஞ்சுகள் பறந்து போகும்வரை வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

புகைக்கரி விஷயத்தில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னார்கள். "கரிதானே, குளித்தால் போகும்" என்றார்கள். புகைபோக்கி துடைக்கும் தொழிலாளர்களுக்கு விதைப்பையில் வரும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். நான் எல்லோருக்கும் முகக்கவசம் வாங்கி வைத்தேன். கூடத்துக் கதவை பிளாஸ்டிக் விரிப்பால் ஒட்டி மூடினேன். பழைய புகைவழிக்குள் சிமெண்டுக் குழாய் தென்பட்டால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். பரிசோதிக்காமல் உடைக்கவே கூடாது.

தூண் போனபின் கூரையில் ஓட்டை நிற்கும். அதைச் சுற்றி வெட்டப்பட்டிருக்கும் கைமரங்களை இணைத்துப் புதிய சட்டம் போட்டு, ஓடு வேய வேண்டும். கணப்பு இருந்த இடத்தில் தரையிலும் ஒரு பள்ளம் இருக்கும். இவை எல்லாம் எந்தத் தச்சருக்கும் தெரிந்த வேலை. யாரும் சொல்லாமல் விடுவது கறை. பல ஆண்டு விறகும் நிலக்கரியும் எரிந்த சுவரில் உப்புகள் ஊறியிருக்கும். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதுப் பூச்சும் வண்ணமும் முடிந்து சில மாதங்களில் சுவரில் தேநீர் கொட்டியதுபோலப் பழுப்புத் திட்டுகள் தோன்றும். மறுபடி வண்ணம் அடித்தாலும் மறுபடி வரும். கரி ஏறிய பழைய பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டு, உப்பைத் தாங்கும் பூச்சு பூசச் சொல்லுங்கள். பாதியை விட்டுவைப்பவர்கள், மிஞ்சிய புகைவழிக்கு மேலும் கீழும் காற்றுத்துளை வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் உள்ளே ஓதம் கட்டும்.

ஒழுகல் மட்டுமே உங்கள் தொல்லை என்றால் இடிக்கவே தேவையில்லாமல் போகலாம். தூணும் கூரையும் சேரும் இடத்தில் உள்ள ஈயத் தகட்டை மாற்றி, உச்சிக்குக் காற்றோட்டமுள்ள மூடி போட்டாலே பல வீடுகளில் நின்றுவிடும். இதைச் சொன்னதற்கு ஒப்பந்தக்காரர்கள் என்மேல் கோபப்படக்கூடும், படட்டும்.

நாமே செய்யலாமா என்று கேட்டதற்கு: கணப்பின் அலங்காரச் சட்டத்தைக் கழற்றலாம், இடிபாட்டைச் சாக்கில் அள்ளலாம், கடைசியில் வண்ணம் அடிக்கலாம். செங்கல்லில் கை வைக்காதீர்கள். பொறியாளரின் கணக்கு, அனுமதிக் கடிதம், வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் எடுத்த படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். பின்னாளில் வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பார். எங்களுக்கு இந்த வீட்டை விற்றவரிடம் அப்படி ஒரு காகிதமும் இருக்கவில்லை.