நடுராத்திரியில் எழுப்பி பிபி பார்ப்பது எதற்கு?

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற நர்ஸிங் டியூட்டர் ஒருவர் பதில் சொல்கிறார்

கேள்வி: அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அன்று ராத்திரி சிஸ்டர் பத்து மணிக்கு வந்தார், இரண்டு மணிக்கு வந்தார், விடியற்காலையிலும் வந்தார். ஒவ்வொரு தடவையும் லைட்டைப் போட்டு பிபி பார்த்து, விரலில் கிளிப் மாட்டி, கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றுவிட்டு, எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். வயிற்றில் வேறு ஒரு ஊசி போட்டு அந்த இடம் நீலமாகிவிட்டது. "எனக்கு என்னமோ ஆயிடுச்சு, எல்லாரும் மறைக்கிறீங்க" என்று அம்மா ஒரே அழுகை. சிஸ்டரைக் கேட்டால், "ஒண்ணும் இல்லைம்மா, பயப்படாதீங்க" என்கிறார். இப்படி நடந்துகொண்டால் பயப்படாமல் எப்படி இருப்பது?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா பயந்ததில் தப்பே இல்லை. நடந்தது அத்தனையும் வழக்கமான வேலை என்று வார்டில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அம்மாவுக்கு மட்டும் தெரியாது, சொல்லவும் ஆள் இல்லை.

ஆபரேஷன் ஆன முதல் ராத்திரி சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பிபி, நாடி, மூச்சு, காய்ச்சல், ஆக்ஸிஜன் எல்லாம் பார்த்தே ஆகவேண்டும். உள்ளே ரத்தம் கசிந்தாலோ தொற்று ஏற்பட்டாலோ நோயாளி "எனக்கு என்னமோ பண்ணுது" என்று சொல்வதற்கு முன்பே இந்த எண்கள் மாற ஆரம்பித்துவிடும். அதிலும் மூச்சு எண்ணிக்கை ரொம்ப முக்கியம். கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார் என்று எழுதியிருக்கிறீர்களே, அப்போது பெரும்பாலும் நெஞ்சு ஏறி இறங்குவதைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருப்பார். "மூச்சு எண்ணப்போறேன்" என்று முன்கூட்டியே சொன்னால் யாராக இருந்தாலும் மூச்சு விடும் விதம் மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பது போல நின்று எண்ணச் சொல்லி நாங்களே கற்றுக்கொடுக்கிறோம். அந்த ஒரு நிமிட மௌனத்துக்குக் காரணம் இருக்கிறது. எண்ணி முடித்த பிறகும் வாயைத் திறக்காமல் போனாரே, அதற்குத்தான் காரணம் கிடையாது. "பிபி நல்லா இருக்கு, ராத்திரி இன்னும் ரெண்டு தடவை வருவேன், ஆபரேஷன் ஆன எல்லாருக்கும் இப்படித்தான்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அம்மா தூங்கியிருப்பார்.

வயிற்று ஊசி அநேகமாக ஹெபாரின் வகை மருந்தாக இருக்கும். அசையாமல் படுத்திருக்கும்போது கால் நரம்பில் ரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துவிடாமல் இருக்கப் போடுவது. தோலுக்கு அடியில் கொழுப்பில் போடுவதால் வயிறு வசதியான இடம். ரத்தம் உறைவதைக் குறைக்கிற மருந்து என்பதால் போட்ட இடம் நீலம் பாய்வது சகஜம், தேய்த்துவிடாதீர்கள். நீலம் பரவிக்கொண்டே போனாலோ, ஈறிலோ சிறுநீரிலோ ரத்தம் தெரிந்தாலோ உடனே சொல்லுங்கள்.

அப்புறம் அந்த "பயப்படாதீங்க". மருத்துவமனைகளில் தினமும் அதிகமாகச் செலவாகிற, பிரயோஜனமே இல்லாத மருந்து அதுதான். 1964-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் வயிற்று ஆபரேஷனுக்கு வந்த 97 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினரிடம் மட்டும் மயக்க மருந்து டாக்டர் முந்தின ராத்திரியே போய், நாளைக்கு எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், தசையை எப்படித் தளர்த்துவது, எப்படிப் புரண்டு படுப்பது என்று பேசிவிட்டு வந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர்களுக்குத் தேவைப்பட்ட வலி மருந்து மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் கிட்டத்தட்ட பாதிதான். யாரிடம் பேசப்பட்டது என்று தெரியாத சர்ஜன்களே அவர்களைச் சராசரியாக இரண்டரை நாளுக்கும் மேல் முன்னதாக வீட்டுக்கு அனுப்பினார்கள். "வலிக்காது" என்று அந்த டாக்டர் சொல்லவில்லை, வலிக்கும் என்றுதான் சொன்னார், அதைக் கவனியுங்கள்.

கேள்வி: மேடம், நான் ஸ்டாஃப் நர்ஸ், வேலைக்கு வந்து இரண்டாவது வருஷம். நைட் ட்யூட்டியில் ஆள் கம்மி. ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தால் மருந்து கொடுப்பது எப்போது? தவிர, எல்லாம் சொன்னால் பயம் கூடத்தானே செய்யும்?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: ஆள் பற்றாக்குறை நிஜம், அது உங்கள் தப்பு இல்லை, நிர்வாகம் பதில் சொல்லவேண்டிய விஷயம். ஆனால் விளக்குவதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. கை வேலை செய்யும்போதே வாயும் வேலை செய்யட்டும். வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றக் கையில் செருகுகிற மெல்லிய குழாய்) போடுவதற்காகக் கையில் பட்டையைக் கட்டி இறுக்கும்போது, "கை கொஞ்சம் மரத்துப்போகும். இப்போ சுருக்குன்னு ஒரு வலி, நாலைஞ்சு நொடி. அப்புறம் ஊசியை எடுத்துடுவேன், உள்ளே மெல்லிசா பிளாஸ்டிக் குழாய் மட்டும்தான் இருக்கும், கையை மடக்கலாம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஊசி உள்ளேயே குத்திக்கொண்டு இருக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் கையை விறைப்பாக வைத்திருந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

பயம் கூடுமா என்பது என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜீன் ஜான்சன் என்ற அமெரிக்க நர்ஸ் ஆராய்ச்சியாளர் 1970-களில், பிபி பட்டையைக் கையில் இறுக்கி வலி உண்டாக்கிப் பார்த்தார். என்னென்ன செய்யப்போகிறோம் என்று மட்டும் கேட்டவர்களைவிட, உடம்புக்கு எப்படி இருக்கும் (இறுக்கம், மரமரப்பு, வலி) என்று முன்பே கேட்டவர்கள் குறைவாகத் தவித்தார்கள். ஆகவே கருவியின் பெயரும் கிருமியின் பெயரும் வேண்டாம், உடம்பு என்ன உணரும், எவ்வளவு நேரம், இவ்வளவுதான். சிலருக்கு எதையும் கேட்கவே பிடிக்காது, "சொல்லட்டுமா, முடிச்சுட்டுச் சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுல கேட்டா என்னன்னு சொல்வீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், என்ன விளங்கியது என்பது தெரிந்துவிடும்.

இதில் எங்களைப் போன்ற டியூட்டர்களுக்கும் பங்கு உண்டு. எந்தச் செய்முறையை எடுத்தாலும் ஆரம்பத்திலேயே "நோயாளிக்கு விளக்கவும்" என்று இருக்கும். தேர்வில் பொம்மைக்குப் பக்கத்தில் நின்று எல்லோரும் அதை ஒப்பித்து மார்க் வாங்கிவிடுவார்கள். என்ன விளக்கினாய், எங்கே சொல்லிக் காட்டு பார்க்கலாம் என்று கேட்கிற ஆள் குறைவு. நிஜ நோயாளியிடம் சொல்ல வைத்து மார்க் போட்டால்தான் அது பழக்கமாக வரும்.

கேள்வி: டிரிப்ஸ் குழாயில் காற்றுக் குமிழி போனால் உயிருக்கு ஆபத்தா? பாட்டில் தீர்ந்ததும் ரத்தம் மேலே ஏறுகிறதே, ரத்தத்தை உறிஞ்சுகிறதா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: குழாயில் ஒட்டியிருக்கிற குட்டிக் குமிழிகளால் ஆபத்து இல்லை. நீளமாகக் காற்று இருந்தால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். ரத்தம் ஏறுவது உறிஞ்சுவதால் அல்ல, மேலே இருந்து அழுத்தம் குறைந்ததும் நரம்பிலிருக்கும் ரத்தம் பின்னால் வருகிறது, கையைத் தூக்கி வைத்தாலும் வரும். அங்கேயே உறைந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும், மறுபடி குத்தவேண்டி வரும். அதனால் தீர்வதற்குக் கொஞ்சம் முன்பே சொல்லிவிடுங்கள், டிரிப்ஸ் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் குழாயில் இருக்கிற உருளையை நீங்களே திருகாதீர்கள்.

கேள்வி: தினமும் காலையில் மூன்று நான்கு ட்யூப் ரத்தம் எடுக்கிறார்கள். உடம்பில் ரத்தம் மிஞ்சுமா? கூடவே, போகிற வருகிறவர்கள் எல்லாம் பேரைக் கேட்கிறார்கள். கேஸ் ஷீட்டில் இருக்காதா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: நாலு ட்யூப் சேர்ந்தாலும் இரண்டு மூன்று டீஸ்பூன்தான், பெரியவர் உடம்பில் ஐந்து லிட்டர் அளவுக்கு ரத்தம் ஓடுகிறது. ஊதா மூடி அணுக்களை எண்ண, சாம்பல் மூடி சர்க்கரைக்கு, இப்படி ஒவ்வொன்றிலும் வேறு வேறு மருந்து இருப்பதால்தான் ஒரே ட்யூபில் எடுத்துவிட முடிவதில்லை.

பேர் கேஸ் ஷீட்டில் இருக்கும்தான். ஆனால் ஒரே வார்டில் இரண்டு முருகன் இருப்பார்கள், கட்டிலும் மாறும். நல்ல நர்ஸ் "நீங்கதானே முருகன்?" என்று கேட்கமாட்டார், ஏனென்றால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் எந்தப் பேருக்கும் "ம்" கொட்டிவிடுவார். "உங்க பேர் என்ன, வயசு என்ன?" என்றுதான் கேட்பார். யாராவது கேட்காமலே ஊசியோடு வந்தால் நீங்களே பேரையும் வயதையும் சொல்லிவிட்டு, என்ன மருந்து என்று கேட்டுக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.