300 கம்ப்யூட்டர்: பாகத்தை மாற்றுவதா, பெட்டியையே மாற்றுவதா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் 300 டெஸ்க்டாப்கள். அடுத்த தடவை கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து, பாகங்களை மாற்றக்கூடிய மெஷின்களாக வாங்கலாமா? இல்லை, ராம் மதர்போர்டிலேயே சால்டர் செய்து (கழற்ற முடியாதபடி பற்றவைத்து) வரும் சின்னப் பெட்டிகளை வாங்கி, ஐந்து வருடத்தில் மொத்தமாக மாற்றிவிடலாமா?

பதில்: முதல் வழிதான் லாபம். ஆனால் பிராசசரை மாற்றலாம் என்று நம்பி வாங்காதீர்கள். ஏஎம்டி கம்பெனியின் ஏஎம்4 சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) மாதிரி அபூர்வமாகத்தான் அமையும். 2017-ல் வாங்கிய போர்டுகள் பலவற்றில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருளை) அப்டேட் செய்துவிட்டு, 2022-ல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி பிராசசரைப் போட முடிந்தது. இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட்டில் நடந்ததோ வேறு. 7-ம், 8-ம் தலைமுறை பிராசசர்கள் இரண்டுக்கும் அதே 1151 பின்தான், ஆனாலும் பழைய போர்டில் புதியது ஓடாது. இன்னொன்று, 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தபோது, பெரும்பாலான 7-ம் தலைமுறை மெஷின்கள் விண்டோஸ் 11 ஏற்கும் மெஷின்களின் பட்டியலிலேயே இல்லை, ராமை எவ்வளவு ஏற்றியிருந்தாலும் சரி.

அப்போ மிச்சம் எங்கே? ஆள் நேரத்திலும் ஸ்பேரிலும். ராம் சேர்க்க மெஷினுக்கு 20 நிமிடம் என்று வைத்தால் 300-க்கு 100 மணி நேரம். புது மெஷின் என்றால் பிரித்து, கேபிள் மாட்டி, ஃபைல்களை மாற்றி, பழைய டிஸ்க்கை அழித்து, ரெஜிஸ்டரில் ஏற்றுவதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும், மொத்தம் 600. இது கொட்டேஷனில் வராது, அதனால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்புறம், எல்லாம் ஒரே மாடலாக இருந்தால் செத்த மெஷினின் ஃபேனும் பவர் சப்ளையும் இன்னொன்றுக்கு உயிர் கொடுக்கும். சால்டர் செய்ததில் ஒரு மெமரி சிப் போனாலே போர்டு முழுக்கப் போச்சு.

ஆர்டர் போடுமுன் மூடியைக் கழற்றி ஒரு மெஷினைப் பாருங்கள். சில பிராண்டட் டெஸ்க்டாப்களில் பவர் சப்ளை கனெக்டரே அந்தக் கம்பெனிக்கென்று தனி வடிவம். வெளியே வாங்கியது பொருந்தாது. ராமின் பழைய வகை டிடிஆர்4, புதிய வகை டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், ஒன்றை மற்றதில் செருக முடியாது. ஆகவே இப்போது டிடிஆர்4 போர்டு மலிவாகக் கிடைத்தாலும், அடுத்த போர்டு மாற்றும்போது அந்த ராமும் சேர்ந்து போய்விடும். ராம் செருக இரண்டே ஸ்லாட் உள்ள மெஷினில் 16 ஜிபி வேண்டுமென்றால் ஒரே ஸ்டிக்காகக் கேளுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆபீஸ் வேலைக்குத் தெரியாது. இரண்டு 8 ஜிபியாகப் போட்டு அனுப்பினால், 32 ஆக்கும் நாளில் 600 ஸ்டிக்குகளையும் கழற்றி டப்பாவில் போட வேண்டியதுதான்.