புள்ளியில் இடறும் பைத்தான்: 3.15 பற்றி வாசகர் கேள்விகள்

பைத்தான் நிரல்மொழியின் 3.15 பதிப்புக்கான ஆல்பா (முதற்கட்டச் சோதனை) வெளியீடுகள் 2025 அக்டோபரில் தொடங்கின. முழு வெளியீட்டுக்கு 2026 அக்டோபர் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். முன்னோட்டப் பதிப்பை இறக்கிப் பார்த்தவர்களும், தொடலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே. பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன: விண்டோஸ் கணினி, அதில் தமிழ் எழுத்துள்ள கோப்பு.

கேள்வி (திருப்பூர்): தொழிலாளர் பெயர்ப் பட்டியலைப் படிக்கும் சிறிய நிரல் வைத்திருக்கிறேன். லினக்ஸில் ஒழுங்காக ஓடுகிறது. விண்டோஸில் சில கோப்புகள் குப்பை எழுத்தாக வருகின்றன. வேறு சில கோப்புகளில் நிரலே நின்றுவிடுகிறது. ஒரே நிரல், ஒரே கணினி, ஏன் இரண்டு விதம்? 3.15-இல் இது சரியாகுமா?

சரியாகும். காரணம் தெரிந்துகொண்டால் 3.15 வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

உங்கள் கோப்பு யுடிஎஃப்-8-இல் (எல்லா மொழி எழுத்துகளையும் பைட் எண்களாக எழுதும் முறை) சேமிக்கப்பட்டது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டுகள். ‘த’ என்பது 224, 174, 164. கோப்பைத் திறக்கும் ஓப்பன் கட்டளையில் என்கோடிங் (எழுத்தை எண்ணாக்கும் முறை) எதுவென்று நீங்கள் சொல்லாவிட்டால், 3.14 வரையிலான பைத்தான் இயங்குதளத்தைக் கேட்டுக்கொள்கிறது. லினக்ஸ் யுடிஎஃப்-8 என்கிறது. இந்திய ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸ், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான கோட் பேஜ் 1252 என்ற எழுத்துப் பட்டியலைச் சொல்கிறது. அந்தப் பட்டியலில் ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து. ஆகவே ‘த’ மூன்று எழுத்தாக உடைகிறது: தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், கடைசியில் நாணயக் குறி ஒன்று. அந்த ஏ-யும் வட்ட ஆரும் மாறி மாறி வரிசையாக நிற்கும் குப்பையை எங்கே கண்டாலும், ‘இது யுடிஎஃப்-8 தமிழ், 1252 என்று நினைத்துப் படித்திருக்கிறார்கள்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

நிரல் நின்றுபோவது இதன் அடுத்த கட்டம். 1252 பட்டியலில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. அவற்றுக்கு எழுத்தே இல்லை என்பதால் பைத்தான் அங்கே பிழை சொல்லி நின்றுவிடும். தமிழில் மெய்யெழுத்துப் புள்ளியின் கடைசி பைட் 141. ‘கு’, ‘மு’ போன்றவற்றில் வரும் உகரக் குறியின் கடைசி பைட் 129. ‘ஏ’ 143, ‘ஐ’ 144. இப்போது உங்கள் பட்டியலைப் பாருங்கள். மீனா, லதா, கீதா என்ற பெயர்கள் மட்டும் இருந்தால் சத்தமில்லாமல் குப்பையாகப் படிக்கும். முருகன் வந்தால் முதல் எழுத்திலேயே நிற்கும். ‘தமிழ்’ என்ற ஒரே சொல் உள்ள கோப்பைப் படித்தால், 0எக்ஸ்8டி என்ற பைட்டை 14-ஆம் இடத்தில் புரிந்துகொள்ள முடியவில்லை என்று வரும். பதினாறடிமானத்தில் எழுதிய 141தான் அந்த 8டி. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 15 பைட்டுகளில் கடைசியானது 14-ஆம் இடம், அதாவது ‘ழ்’ மேலுள்ள புள்ளியின் வால்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. நீங்கள் ஒவ்வொரு வரியாகக் கேட்டாலும், உரைக்கோப்பை பைத்தான் 8192 பைட் கட்டுகளாக அள்ளுகிறது. பத்தாவது வரியில் உள்ள புள்ளிக்காக முதல் வரியைக்கூடத் தராமல் நிற்பது அதனால்தான். கோப்பு பெரிதாக இருந்தால், இப்படி வரியாகக் கேட்கும்போது பிழைச் செய்தியில் வரும் இட எண், அந்தக் கட்டுக்குள் உள்ள இடமே தவிர கோப்பில் உள்ள இடம் அல்ல. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கோப்பில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

3.15-இல் என்கோடிங் சொல்லாமல் விட்டால் எந்த இயங்குதளத்திலும் யுடிஎஃப்-8 என்றே கொள்ளும். இனாடா நவோகி எழுதிய பெப் 686 முன்மொழிவின்படி வரும் மாற்றம் இது. 3.7 முதல் 3.14 வரை உள்ளவர்கள், பைத்தான்யுடிஎஃப்8 என்ற சூழல் மாறியில் (இயங்குதளத்தில் வைக்கும் அமைப்பு) 1 என்று வைத்தால் இதே நடத்தை இன்றே கிடைக்கும். அதைவிட நல்லது, கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் என்கோடிங்கை எழுதிவிடுவது. நிரலை நாளை யார் கணினியில் எந்தப் பதிப்பில் ஓட்டுவார்கள் என்று நமக்கு எப்படித் தெரியும்?

கேள்வி (கோயம்புத்தூர்): அப்படியானால் இதுவரை விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்த நிரல்கள் 3.15-இல் உடையாதா?

சில உடையும். எக்ஸெலில் சாதாரண ‘சிஎஸ்வி’ (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) தேர்வு மூலம் சேமித்த ஆங்கிலக் கோப்புகள் 1252-இல் இருக்கும். அவற்றில் வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறி ஒன்று இருந்தால் போதும்; அதன் பைட் 146. யுடிஎஃப்-8-இல் ஒரு எழுத்து 146-இல் தொடங்கவே முடியாது. ஆகவே இத்தனை நாள் அமைதியாக ஓடிய நிரல் 0எக்ஸ்92 என்று புலம்பி நிற்கும். அந்தக் கோப்புகளுக்கு என்கோடிங் மதிப்பாக ‘லோகேல்’ என்ற சொல்லைக் கொடுங்கள், பழையபடி இயங்குதளத்தின் பட்டியலை எடுத்துக்கொள்ளும். இது 3.10 முதல் உள்ளது. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பழைய நிலைக்குத் திருப்ப, முன்பு சொன்ன சூழல் மாறியில் 0 வைக்கலாம். ஆனால் அது ஒத்திப்போடுவதுதான், தீர்வு அல்ல.

எந்தெந்த வரிகள் மாட்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டு. 3.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில், பெரிய எழுத்து எக்ஸ் சுவிட்சுடன் ‘வார்ன் டிஃபால்ட் என்கோடிங்’ என்பதைச் (சொற்களுக்கு இடையே அடிக்கோடு) சேர்த்து நிரலை ஓட்டுங்கள். என்கோடிங் சொல்லாமல் திறந்த ஒவ்வொரு இடத்தையும் வரி எண்ணோடு காட்டும். ஓப்பன் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பாத்லிபின் ரீட் டெக்ஸ்ட், ரைட் டெக்ஸ்ட், லாகிங்கின் ஃபைல் ஹேண்ட்லர், கான்ஃபிக்பார்சர் என்று கோப்பைத் திறக்கும் பைத்தான் கருவிகள் எல்லாம் இதே குட்டைதான். அந்த ஓட்டத்தில் போகாத வரிகளை எச்சரிக்கை காட்டாது, ஆகவே நிரலின் எல்லாக் கிளைகளையும் ஒருமுறை ஓடவிடுங்கள்.

தரவு அலசும் பாண்டாஸ் தொகுப்பின் சிஎஸ்வி வாசிப்பு முன்பிருந்தே யுடிஎஃப்-8தான், அதில் மாற்றமில்லை. ஜேசன் (தரவுப் பரிமாற்ற வடிவம்) கோப்புகளை பைத்தான் வழக்கமாகத் தமிழை எண் குறியீடாக மாற்றித்தான் எழுதும் என்பதால், அவற்றில் இந்தச் சிக்கலையே பலர் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேள்வி (சேலம்): பைத்தானில் எழுதிய தமிழ் சிஎஸ்வி-யை எக்ஸெலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் குப்பை. 3.15-இலும் அப்படித்தான் வருகிறதே?

வரும். இது எக்ஸெலின் பழக்கம். கோப்பின் தலையில் மூன்று பைட் அடையாளக் குறி இருந்தால்தான் அது யுடிஎஃப்-8 என்று நம்பும். எழுதும்போது என்கோடிங்காக ‘யுடிஎஃப்-8-சிக்’ கொடுத்தால் பைத்தான் அந்தக் குறியைப் போட்டுவிடும். படிக்கும்போதும் அதையே கொடுங்கள். வெறும் யுடிஎஃப்-8 என்று படித்தால் குறி நீங்காமல் முதல் பத்தியின் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். திரையில் ‘பெயர்’ என்று கண்ணுக்குத் தெரியும், நிரலோ ‘பெயர்’ என்ற பத்தியே இல்லை என்று சாதிக்கும். 3.15-இன் இயல்பு நடத்தையும் குறியை நீக்காத வகைதான், கவனம்.

கேள்வி (மதுரை): பிரிண்ட் செய்தால் திரையில் தமிழ் அழகாக வருகிறது. அதையே கோப்புக்குத் திருப்பிவிட்டால் பிழை.

திரைக்கு எழுதும் வழி 3.6 முதலே யூனிகோடுக்கு மாறிவிட்டது. கோப்புக்கோ இன்னொரு நிரலுக்கோ திருப்பினால் மட்டும் மறுபடி 1252. 3.15-இல் இதுவும் யுடிஎஃப்-8 ஆகிறது. ஆனால் விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் திருப்பினால், பைத்தான் சரியாக அனுப்பியதையும் பவர்ஷெல் தன் பட்டியலில் மொழிபெயர்த்துக் கெடுத்து, யுடிஎஃப்-16-ஆக எழுதி வைக்கும். பழைய கருப்புத் திரையான சிஎம்டி-யில் திருப்புங்கள், அல்லது பவர்ஷெல் 7.4-க்கு மாறுங்கள், அது பைட்டுகளைத் தொடாமல் விடுகிறது.

கேள்வி (யாழ்ப்பாணம்): பாமினியிலும் திஸ்கியிலும் தட்டெழுதிய பழைய கோப்புகள் நிறைய உண்டு. 3.15 அவற்றை வாசிக்குமோ?

இரண்டும் யூனிகோடு அல்லாத தமிழ் முறைகள், ஆனால் வேறு வேறு கதை. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தெரிவது, கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, பிறகு அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். அதை எந்தப் பதிப்பும் சிக்கலில்லாமல் வாசிக்கும், ஆனால் ஆங்கிலமாக. திஸ்கியில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேல் உள்ள இடங்களில் இருப்பதால் 3.15 அதை யுடிஎஃப்-8 என்று படிக்கப் போய் உடனே நிற்கும். பைத்தானோடு திஸ்கி மாற்றி எதுவும் வருவதில்லை. கோப்பை பைட்டுகளாகவோ லத்தீன்-1 ஆகவோ திறந்து, மாற்றும் வேலையை ஓப்பன்-தமிழ் தொகுப்பிடம் கொடுங்கள். மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடாதீர்கள். கொம்பு முன்னால் வரும் எழுத்துகளான கெ, கே, கை வரிசையைச் சரிபார்த்த பிறகு பழையதைக் கழியுங்கள்.

கேள்வி (சென்னை): ‘சோம்பேறி இம்போர்ட்’ என்கிறார்களே, என்ன அது?

பெப் 810. வேறு மாட்யூலை (தனி நிரல் கோப்பை) உள்ளே கொண்டுவரும் இம்போர்ட் வரிக்கு முன்னால் ‘லேசி’ என்ற சொல்லைப் போட்டால், அந்த மாட்யூல் அப்போது ஏற்றப்படாது. முதல்முறை பயன்படுத்தும்போதுதான் ஏறும். உதவிக் குறிப்பை மட்டும் காட்டிவிட்டு முடியும் கட்டளை நிரல்களுக்கு நல்ல லாபம். முதலில் எக்ஸ் சுவிட்சுடன் ‘இம்போர்ட்டைம்’ கொடுத்து எந்த மாட்யூல் நேரத்தைத் தின்கிறது என்று பாருங்கள். மைக்ரோநொடியில் பட்டியல் வரும். அதிக நேரம் எடுக்கும் இரண்டு மூன்றை மட்டும் சோம்பேறியாக்கினால் போதும்.

கோப்பின் மேல்மட்டத்தில் மட்டுமே இதை எழுதலாம். ஃபங்ஷன், கிளாஸ், ட்ரை ஆகியவற்றுக்குள்ளும், நட்சத்திரக் குறி போட்டு எல்லாவற்றையும் இழுக்கும் இம்போர்ட்டிலும் அனுமதி இல்லை. ட்ரை தடை ஏன் என்றால், மாட்யூல் இல்லையென்ற பிழையே முதல் பயன்பாட்டில்தான் வெடிக்கும். ட்ரை அதற்குள் முடிந்து போயிருக்கும். ஏறும்போதே தன்னைப் பதிவு செய்துகொள்ளும் செருகல் வகை மாட்யூல்களைச் சோம்பேறியாக்கினால் அவை பதிவாகாமலே போகும். பழைய பதிப்பிலும் ஓட வேண்டிய நிரலில் ‘லேசி’ சொல் தொடரியல் பிழை ஆகிவிடும். அதற்காக, இருபுறமும் இரட்டை அடிக்கோடிட்ட ‘லேசி மாட்யூல்ஸ்’ என்ற பட்டியலில் பெயர்களைக் கொடுக்கும் வழி வைத்திருக்கிறார்கள். பழைய பதிப்புக்கு அது வெறும் மாறி.

கேள்வி (திருச்சி): ஆல்பாவை நிறுவினேன். பிப் (தொகுப்பு நிறுவி) கொண்டு தொகுப்புகளைப் போட்டால் விஷுவல் சி++ வேண்டும் என்கிறது. என் கணினியில் என்ன குறை?

உங்கள் கணினியில் குறையில்லை. நம்பை, எல்எக்ஸ்எம்எல் போன்ற தொகுப்புகளின் தயார்நிலைக் கோப்புகள் ஒவ்வொரு பைத்தான் பதிப்புக்கும் தனித்தனி. 3.15-க்கு அப்படி ஒன்றை இன்னும் கட்டி வைக்காவிட்டால் பிப் மூலத்தை இறக்கி உங்கள் வீட்டிலேயே கட்டப் பார்க்கிறது. உள்ளே ரஸ்ட் மொழி நிரல் உள்ள தொகுப்பானால், ‘இந்த பைத்தான் எனக்குத் தெரிந்ததைவிடப் புதியது’ என்று கை விரிக்கும். ஆல்பாவிலும் பீட்டாவிலும் உள் அமைப்பு மாறிக்கொண்டிருக்கும், முதல் ஆர்சி-யில்தான் (முழு வெளியீட்டுக்கு முந்தைய இறுதிக்கட்டச் சோதனைப் பதிப்பு) உறையும். தொகுப்பு ஆசிரியர்கள் அதன் பிறகு கட்டிப் போடுவதுதான் வழக்கம். சுத்த பைத்தானில் எழுதியவை (கோப்புப் பெயர் ‘நன்-எனி’ என்று முடிபவை) இப்போதே ஏறும்.

லினக்ஸில் மூலத்திலிருந்து கட்டுகிறவர்கள் மேக் இன்ஸ்டால் என்று அடிக்காமல் மேக் ஆல்ட்இன்ஸ்டால் என்று அடியுங்கள். முன்னது பைத்தான்3 என்ற பெயரைப் பிடித்துக்கொள்ளும். கட்டும் முன் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் டெவ் தொகுப்பு இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டாலும் பைத்தான் கட்டப்பட்டுவிடும், எஸ்எஸ்எல் மாட்யூல் மட்டும் விடுபட்டிருக்கும். பிப் ஒரு தொகுப்பையும் இறக்க முடியாமல் விழிக்கும்போதுதான் அது தெரியவரும்.

கேள்வி (ஈரோடு): பட்டியல்களின் பட்டியலை ஒரே பட்டியலாக்க இரண்டு ‘ஃபார்’ எழுதுவது போதும் போதும் என்றாகிவிட்டது.

3.15-இல் ஒன்று போதும். பகர அடைப்புக்குள் உறுப்பின் முன் நட்சத்திரக் குறி போட்டால் விரித்துக்கொள்ளும். டிக்ஷனரிக்கு இரண்டு நட்சத்திரம். பெப் 798.